விருத்தத்தில் சோடா உடைக்காதே

என் தாத்தா எந்த நாடகத்தையும் முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் மதுரையில் அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகங்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். நாடகம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்றவர் தாத்தா. பதினெட்டு வயதில் தாய்மாமனின் சோடாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1920களின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம், ராத்திரி முழுக்கக் கொட்டகைக்குள் பாட்டில் கூடையோடு அலைந்தார். முதுகு மேடைப் பக்கம், முகம் கூட்டத்துப் பக்கம். அதனால் அவர் சொன்ன கதைகளில் நடிகர்களின் முகம் அதிகம் வராது. பார்க்க வந்த ஜனங்களின் முகம்தான் வரும்.

நடிகர்களுக்குப் பெயரும் சொல்ல மாட்டார். "அன்னைக்கு ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு", "ஸ்திரீபார்ட் விடுறதா இல்லை" என்று வேஷத்தை வைத்தே பேச்சு ஓடும். ராஜபார்ட் என்றால் கதாநாயகன், ஸ்திரீபார்ட் என்றால் நாயகி. பெயர் என்ன தாத்தா என்று கேட்டால் எரிச்சல் வந்துவிடும். "பேரு எதுக்குடா உனக்கு? கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறியா?"

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ராத்திரி ஒன்று உண்டு. "உப்பு எடுத்த வருஷம்" என்று ஆரம்பிப்பார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்த 1930. நாடகம், வள்ளி திருமணம். தாத்தா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொல்லிச் சொல்லி எனக்கு அந்த ராத்திரி நானே கூடை தூக்கின மாதிரி ஆகிவிட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பெஷல் என்றால் விசேஷமான நாடகம் என்று பொருள் இல்லை. ஸ்பெஷல் வண்டி, ஸ்பெஷல் பஸ் என்கிறோமே, அந்த மாதிரி. அந்த ஒரு ராத்திரிக்கென்று ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பது. கம்பெனி நாடகம் வேறு. அங்கே ஒரே குழு, ஒரே வாத்தியார், ஒரே சமையல். ஒரு ஊரில் இறங்கினால் மாதக்கணக்கில் தங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராக வைத்து 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டது. பின்னாளில் சொந்த நாடகக் குழு நடத்திப் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தது அதில்தான்.

ஸ்பெஷலில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறொரு ஊர். கோமாளி வேஷக்காரரான பபூன் எங்கிருந்தோ வருவார், ஆர்மோனியக்காரர் உள்ளூராக இருப்பார். சாயங்கால ரயிலில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்துப் பக்கம் எங்காவது முகம் கழுவிக்கொண்டு, நேராகக் கொட்டகைக்கு வந்து அரிதாரம் பூச உட்காருவார்கள். ஒத்திகை கிடையாது. பல சமயம் அறிமுகம்கூடக் கிடையாது. அப்புறம் எப்படி விடிய விடிய நாடகம் நடக்கும்? நடக்கும். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமாகிவிட்டார். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த பாட்டும் வசனமும் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று எதைச் சொன்னாலும் வழி தெரியும். செங்கோட்டைக்காரர் விட்ட இடத்தில் கொடுமுடிக்காரி எடுப்பார். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் அப்படித்தான் இலங்கையில் மேடையில் ஜோடி சேர்ந்து, பிறகு வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். வழி எல்லோருக்கும் தெரியும், ஆனால் யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்பது யாருக்கும் தெரியாது. ராத்திரி மேடையில் நிற்கும்போதுதான் அது முடிவாகும். கூட்டம் வந்ததே அதற்காகத்தான் என்பது தாத்தாவின் கட்சி. "கதை என்னடா கதை, வள்ளிய முருகன் கட்டிக்குவான்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும்."

நாடகம் என்னவோ ராத்திரிதான். ஆனால் மத்தியானமே ஊர் சூடாகிவிடும். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் படம் ஒட்டிய தட்டி கட்டி, முன்னால் கொட்டு அடித்துக்கொண்டு நான்கு மாசி வீதியும் சுற்றுவார்கள். வண்டியில் இருக்கிற ஆள் ரோஸ், பச்சை, மஞ்சள் நோட்டீஸ்களை வீசிக்கொண்டே போவார். பையன்கள் பின்னால் ஓடுவார்கள். நோட்டீஸில் ஒவ்வொரு நடிகருக்கும் இரண்டு வரிப் பட்டம் இருக்கும். கானத்துக்கும் கந்தர்வனுக்கும் குயிலுக்கும் பஞ்சமே இல்லை. கடைசி வரி மட்டும் எந்த நோட்டீஸிலும் ஒரே மாதிரி: நாடகம் சரியாக இரவு 9-30 மணிக்குத் தொடங்கும். அந்த 'சரியாக' என்ற சொல்லைச் சொல்லும்போது தாத்தா ஒரு கனைப்புக் கனைப்பார். திரை தூக்கப் பத்தரை ஆகும்.

அந்த நேரத்தில் தாத்தாவும் மாமாவும் சோடா போட்டுக்கொண்டிருப்பார்கள். கோலி சோடா பாட்டில் ஒரு ஆச்சரியமான சாமான். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் அதற்கு பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். மூடியே கிடையாது. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கூண்டுக்குள் பொருத்தி, காஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கடகடவென்று சுற்ற வேண்டும். சுற்றும்போது பாட்டில் தலைகீழாகும். கோலி கழுத்துக்கு வந்து ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற காஸ்தான் அதை அங்கேயே பிடித்து வைக்கிறது. கட்டைவிரலால் கோலியை அழுத்தினால் 'டப்', அப்புறம் ஒரு சீறல். அதைத்தான் சோடா உடைப்பது என்பது. கண்ணாடி உடையாது. உடைந்தால் தாத்தாவின் கூலியில் பிடித்துவிடுவார் மாமா. உள்ளே இருக்கிற சோடாவைவிடப் பாட்டிலுக்குத்தான் விலை பல மடங்கு.

அதனால் அவருக்கு ரசிகர்கள் என்றாலே பயம். இரண்டு ராஜபார்ட்டுகளுக்கு ஊரில் இரண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி 'ஒன்ஸ்மோர்' கேட்க, மறு கட்சி 'உக்காருடா' என்று கத்த, கை கலந்தால் முதலில் கைக்கு அகப்படுவது சோடா பாட்டில்தான். குலுக்கி வீசினால் வெடிகுண்டு மாதிரி. "கோவலன் நாடகத்துல ஒரு தடவ பதினோரு பாட்டில் போச்சு. கோவலன் தலை போறதுக்கு முன்னால என் தலை போச்சு" என்பார். பதினோரு பாட்டிலுக்கான கடன் தீர அவருக்கு எத்தனை மாதம் ஆனது என்பதைக் கணக்கோடு சொல்வார். நானும் கணக்கெழுதிப் பிழைத்தவன்தான், எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

சரி, அந்த ராத்திரி. ஆறு டஜன் பாட்டில், அதாவது எழுபத்திரண்டு. ஈரச் சாக்கில் சுற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோய், கொட்டகைப் பின்புறத் தட்டி ஓரமாக இறக்கினார்கள். தகரக் கூரை. மேடைக்கு இரண்டு பக்கமும் கிட்சன் லைட், மண்ணெண்ணெயை அழுத்தத்தில் எரிக்கிற பெரிய விளக்கு. அது எரியும்போது ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், காது பழகிவிட்டால் கேட்காது. முன்னால் சோபா, அப்புறம் நாற்காலி, பெஞ்சு, கடைசியில் தரை. சோபாவுக்கு ரூபாய்க் கணக்கு, தரைக்கு அணாக் கணக்கு. பெண்களுக்குத் தனிப் பக்கம். அங்கே பாதிப் பேர் பாய், தலையணை, கட்டுச்சோறு சகிதம் வந்திருப்பார்கள். பிள்ளைகளைத் தூங்கப் போட்டு, "யானை வரும்போது எழுப்பிவிடுறேன்" என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பார்கள். வேர்க்கடலைத் தோல், வெற்றிலை, மல்லிகை, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த வாசனை. எங்கேயாவது மல்லிகையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணந்தால், கடைசிக் காலம் வரைக்கும் தாத்தா தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

மேடையின் ஒரு ஓரத்தில் ஆர்மோனியக்காரர். எதிர்ப்பக்கம் மிருதங்கம். ஸ்பெஷல் நாடகத்துக்கு டைரக்டர் கிடையாது. இருந்தால் அது ஆர்மோனியக்காரர்தான். சுருதி கொடுப்பவர் அவர், பின்பாட்டுப் பாடுபவர் அவர். ஒருவர் அடி மறந்து முழித்தால் முதல் வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பவரும் அவர். ஒருவர் அளவுக்கு மேல் இழுத்தால் ஸ்வரத்தை இறக்கி, 'போதும், உள்ளே போ' என்று வாயைத் திறக்காமல் சொல்லிவிடுவார். மைக் இல்லாத காலம். ஐந்து கட்டை சுருதியில் பிடித்துத் தரையின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பாட வேண்டும். தாளமில்லாமல் விருத்தம் பாடும்போது கிட்சன் லைட் இரைச்சல்கூட இடைஞ்சல்.

தாத்தா வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு விருத்தம் நடக்கும்போது, பெஞ்சில் யாரோ கேட்டார் என்று டப்பென்று ஒரு சோடாவை உடைத்துவிட்டார். ராஜபார்ட் மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்த நேரம். ஆர்மோனியம் நின்றது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஆர்மோனியக்காரர் கோபப்படவில்லை. ஒரு விரலால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஸ்வரம் என் பெட்டியில இல்லையே, எங்க வாங்குன?" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனதாம். அன்றிலிருந்து விருத்தம் ஆரம்பித்தால் தாத்தா கூடையைக் கீழே வைத்துவிடுவார். ரொம்ப அவசரம் என்று கேட்டால், பாட்டிலை ஈரச் சாக்குக்கு அடியில் கொண்டுபோய், சாக்கோடு சேர்த்து அமுக்கி, சத்தமே வராமல் உடைக்கப் பழகிக்கொண்டார். எண்பது வயதில் எங்களுக்கு அதைச் செய்து காட்டினார். ஒரு துண்டை நனைத்துவரச் சொல்லி, பாட்டிலை மடியில் வைத்து, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி ஒரு அமுக்கு. 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

அப்படிச் சத்தமில்லாமல் விற்றதை வைத்து அவர் ஒரு கணக்கும் வைத்திருந்தார். விருத்தத்தின்போது ஒருவர்கூடக் கை தூக்கவில்லை என்றால் பாடுகிறவர் தேறிய ஆள். மூன்று பேருக்கு மேல் தாகம் எடுத்தால் அந்த நடிகருக்கு இந்த ஊரில் இன்னொரு அட்வான்ஸ் கிடைக்காது. பபூன் வந்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். சிரிக்கிறவனுக்குத் தொண்டை வறளும். அந்த ராத்திரி பபூன் வந்ததுமே மேடையிலிருந்து தாத்தாவைப் பார்த்து, "எனக்கு முன்னாலேயே இங்க ஒருத்தன் காஸ் விட்டுக்கிட்டு இருக்கான்" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் அவரை வைத்தே ஓட்டிவிட்டார். ஒன்றரை டஜன் காலி. அவமானத்துக்குக் கமிஷன் என்று தாத்தா எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நாரதர் வந்தார். பிறகு தினைப்புனம். பின்னால் காட்டுப் படுதா இறங்கியது. அதில் ஒரு சிங்கம் வரைந்திருக்கும். வள்ளி மலையில் சிங்கம் ஏது என்று யாரும் கேட்டதில்லை, எல்லா நாடகத்துக் காட்டுக்கும் அதே படுதாதான். பரண் மேல் வள்ளி கவணோடு ஏறி நின்று ஆலோலம் பாட ஆரம்பித்தார்.

இங்கேதான் அந்த வருஷத்துக்கே உரிய விவகாரம். வள்ளி தினைப்புனத்தில் என்ன செய்வாள்? பறவை விரட்டுவாள். பறவைகளில் கொக்கு உண்டு, கொக்கு வெள்ளை. தின்ன வந்த வெள்ளைக் கொக்கை விரட்டுகிற பாட்டு ஒன்று அப்போது தமிழ்நாட்டு மேடைகளில் தீயாகப் பரவியிருந்தது. எந்தக் கொக்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கு மேடை அதைப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகளும் அப்போது இருந்தார்கள். தேசபக்தியும் இதுவும் ஒரே மேடையில்தான் நடந்தது. 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போனது.

நம்முடைய ராத்திரியில் அவர் இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. வள்ளி ஆலோலத்தை முடிப்பதற்குள் தரையிலிருந்து, "தாயே, கொக்கு! கொக்கு!" என்று குரல் எழும்பியது. சோபாவில், இலவச பாஸில், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் இருக்கிறது. பாட்டு ஒரு அடி வெளியே வந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், ஆளையும் பிடிக்கலாம். நிறுத்தினால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். நாடகத்தை ஏற்பாடு செய்த காண்டிராக்டர் ஓரத்தட்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பி வள்ளியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், பாட வேண்டாம் என்று.

வள்ளி பாடவில்லை. கவணைச் சுழற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கூட்டம் கத்தியது. அப்போது ஆர்மோனியம் மட்டும் மெல்ல அந்த மெட்டை எடுத்தது. ஒரு அடி வாசித்து நின்றது. தரையில் ஒருத்தன் முதல் வரியைப் பாடினான். ஆர்மோனியம் இரண்டாவது அடி. பெஞ்சு முழுக்கப் பாடியது. மூன்றாவது அடிக்குப் பெண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. மேடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வள்ளி தன்பாட்டுக்குப் பறவை விரட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, சுருதி சரிபார்க்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

கூட்டத்துப் பக்கம் முகத்தைக் காட்டி நின்ற தாத்தா பார்த்தது இன்ஸ்பெக்டரை. அவர் ஒரு தடவை பின்னால் திரும்பினார். அத்தனை பேர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. யாரைப் பிடிப்பது? மறுபடி மேடையைப் பார்த்தார். அப்புறம் சுட்டுவிரலை மடக்கித் தாத்தாவைக் கூப்பிட்டு, "ஒரு சோடா" என்றார்.

"உடைச்சியா தாத்தா?"

"பின்னே? டப்புன்னு உடைச்சேன். விருத்தமா என்ன?"

காசு கொடுத்தாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்போம். கொடுக்கவில்லை. அது வழக்கம்தான்.

அதற்குப் பிறகு முருகன் வேடன் வேஷத்தில் வந்தார். மணி ஒன்றரை இருக்கும். இனி வேடனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரே மேடையில் நிற்கிறார்கள் என்று கொட்டகைக்குத் தெரியும். இந்த வழியாக ஒரு மான் வந்ததா என்று வேடன் கேட்பார். இது எழுதி வைத்த கேள்வி. அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம்.

எந்த மான் என்றார் வள்ளி. புள்ளிமானா, கலைமானா, இல்லை, கேட்காமல் அடுத்தவர் புனத்துக்குள் நுழைகிற இந்தச் சீமானா? தரையில் விசில். வேடன் அசரவில்லை. நான் தேடி வந்த மானுக்கு நாலு கால் கிடையாது, இரண்டே கால் என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. வள்ளி ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணினார். "இரண்டேகாலா? அப்போ கணக்குப்பிள்ளை வீட்டுல போய்த் தேடும். அங்கேதான் காலும் அரையும் மேயும்." எழுந்த ஆரவாரத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. கணக்கெழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

பேச்சில் விட்டதைப் பாட்டில் பிடிக்கப் பார்த்தார் ராஜபார்ட். மோகனத்தில் போய்க்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் கரகரப்பிரியாவுக்குத் தாவினார். ஆர்மோனியக்காரர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. ஆனால் வள்ளி எப்படி எடுப்பார் என்று பார்க்க ஆசைப்பட்டவர் போல, கையைத் தளர்த்தி சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வள்ளி அதே ராகத்தில் அவரைவிட ஒரு ஸ்வரம் மேலே போய் நின்றார். அந்த முக்கால் மணி நேரத்தில் விற்ற சோடா பூஜ்யம். "ஒரு பய தும்மல. கூடைய வெச்சுட்டு நானும் திரும்பிட்டேன்" என்பார் தாத்தா. அவர் மேடையைப் பார்த்ததாக ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வள்ளி எப்படி இருந்தார் என்று கேட்டால், "மூக்குத்தி இருந்துச்சு" என்பார்.

அடுத்த வருஷமே, 1931 அக்டோபர் 31 அன்று, சென்னையில் காளிதாஸ் வந்துவிட்டது. முதல் தமிழ் டாக்கி, அதாவது பேசும் படம். நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி நாடக மேடையிலிருந்து போனவர்தான். 1933இல் கிட்டப்பா போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். 1935இல் நந்தனாராக நடிக்க அவருக்குச் சினிமாக்காரர்கள் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்று ஊரே வாயைப் பிளந்தது. டாக்கி வந்ததில் சோடாக்காரருக்கு நஷ்டம் இல்லை, கொட்டகை தினமும் நிரம்பியது. ஆனால் தாத்தாவுக்கு அது பிடிக்கவே இல்லை. இடைவேளை மணி அடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிப்பார்கள், மணி அடித்தால் நிறுத்துவார்கள். "திரையில இருக்கிறவனுக்கு நான் டப்புன்னு உடைச்சாலும் ஒண்ணுதான், உடைக்காட்டியும் ஒண்ணுதான்" என்றார். சில வருஷத்தில் மாமாவிடமிருந்து பிரிந்து பலசரக்குக் கடைக்குப் போய்விட்டார்.

மறுபடி அந்த ராத்திரிக்கு வருகிறேன். நான்கு மணி வாக்கில் யானை. வள்ளி வேடனைத் துரத்திவிட, கிழவனாக வந்த முருகன் அண்ணனை நினைக்க, பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட வேண்டும். பெண்கள் பக்கம் முழுக்க, "எந்திரி, எந்திரி, யானை வந்துருச்சு" என்று பிள்ளைகளை உலுக்கும் சத்தம். கறுப்புக் கம்பளிக்குள் இரண்டு ஆட்கள், முன்னால் துணியில் தைத்த தும்பிக்கை. திரைக்குப் பின்னால் யானை தயாராக நின்றபோது, முன்னங்கால் தாத்தாவைப் பார்த்து, "அண்ணே, உள்ள வேகுது, ஒரு கலர் குடுங்க" என்றது. பின்னங்காலுக்கும் ஒன்று வேண்டும் என்றது. கம்பளியைத் தூக்கி இரண்டு பாட்டில்களை உள்ளே கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் ஆர்மோனியம் சைகை கொடுத்துவிட்டது. பிள்ளையார் இரண்டு பாட்டில்களோடு மேடைக்குப் போய்விட்டார். நடக்கும்போது யானைக்குள் கோலி கடகடவென்று ஆடியது தரை வரைக்கும் கேட்டதாம். பிள்ளைகள் அது யானையின் பல் நறநறப்பு என்று நம்பிவிட்டார்கள்.

பொழுது வெளுக்கும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடிந்து மங்களம் பாடினார்கள். கிட்சன் லைட்டை இறக்கினார்கள். தரையில் கடலைத் தோலும் மிதிபட்ட பூவும் ஒற்றைச் செருப்பும். தாத்தா பாட்டில்களை எண்ணினார். எழுபது. மறுபடி எண்ணினார். எழுபது. வயிற்றைப் பிசைந்தபோதுதான் யானை ஞாபகம் வந்தது. அரிதாரம் பூசும் அறைக்கு ஓடினார்.

அறையில் மூலையில் கம்பளி சுருட்டிக் கிடந்தது. உள்ளே கையை விட்டு இரண்டு பாட்டில்களையும் எடுத்தார். அந்தப் பக்கம் ராஜபார்ட் தேங்காயெண்ணெய் போட்டு முகத்தை வழித்துக்கொண்டிருந்தார். ஸ்திரீபார்ட் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கழுத்தில் இன்னும் கல்யாண மாலையோடு, டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. ரெண்டு பேரையும் ஸ்டேஷனில் விட வேண்டும் என்று வண்டிக்காரர் குரல் கொடுத்தார். ராத்திரி முழுக்க முறைத்துக்கொண்டவர்களை ஒரே வண்டியில் ஏற்றினால் என்ன ஆகுமோ என்று தாத்தா பாட்டில்களைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றார்.

அந்த அம்மாள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு ராஜபார்ட் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"அண்ணனுக்குச் சொந்த ஊரு எதுங்க?"